ஊமைக் கரும்பு பூத்த வருஷம்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்துபோய் வெற்றிலை போட்டுக்கொள்கிற ஆள் நான். எங்கள் ஊர்ப் புளியமரத்தில் முனி இருக்கிறது என்று சொல்லி ஒருத்தரும் கிட்டே போகாத காலத்தில், அந்த மரத்தை உலுக்கி ஒரு வருஷத்துக்கு வேண்டிய புளியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான், ஒரு முனியும் வந்து கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்பப்போவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற என் மருமகளே நம்பவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். "நீங்க பேசுறபடியே எழுதுனா வெளியூருக்காரவுகளுக்கு வெளங்காது மாமா" என்று கொஞ்சம் சீர்படுத்திக்கொள்கிறாள். செய்யட்டும். நடந்ததை மாற்றாமல் இருந்தால் சரி.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, கால்வாய் ஓரமாக ஒரு கரும்புப் பண்ணை இருந்தது, பேர் வேண்டாம். ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற பண்ணை இல்லை, புதுக் கரும்பு உண்டாக்குகிற பண்ணை. கரும்பைக் கரணை வெட்டித்தானே நடுகிறோம், அப்படி நட்டால் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே, கொஞ்சமும் மாறாது. புது ஜாதி வேண்டுமென்றால் கரும்பு பூக்க வேண்டும், ஒன்றின் பூந்தூளை இன்னொன்றின் பூவில் உதிர்த்து விதை எடுக்க வேண்டும். ஊரில் கரும்பு பூத்துவிட்டால் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான், சாறு வற்றிச் சக்கையாகிவிடும் என்று. எங்கள் பண்ணையில் பூக்கவில்லையே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அதிலும் ஒரு கரும்பு, மழை பொய்த்தாலும் வாடாமல் நிற்குமாம், வடக்கே எங்கிருந்தோ வந்தது, அது என்ன செய்தும் பூக்காது. அதற்கு ஒரு நீளமான நம்பர் உண்டு. என் பெண்சாதி ராக்கு அதற்கு ஊமை என்று பேர் வைத்தாள், அப்புறம் ஆபீசரே ஊமை என்றுதான் சொல்லுவார்.

ஆபீசர் பேர் கோவிந்தராம் சார். மதுரைக்காரர், சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, அப்பா காலம்வரை தறி நெய்தவர்கள். நம்மிடம் தமிழில்தான் பேசுவார், சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் அவர்கள் வீட்டுப் பாஷை வந்துவிடும். அவர் சொல்லுவார், கரும்பு பகலைப் பார்த்துப் பூப்பதில்லையாம், இருட்டை அளந்துதான் பூக்குமாம். ஒவ்வொரு நாளும் இருட்டு இத்துனூண்டு நீள நீள, காலம் வந்துவிட்டது என்று அதற்குத் தெரியுமாம். எங்கள் ஊர் இருட்டு ஊமைக்குப் பற்றவில்லை, நாமே இருட்டுச் செய்து கொடுக்கலாம் என்று சாருக்கு ஒரு யோசனை. அதற்காகவே ஒரு கொட்டகை கட்டினார். ஜன்னல் கிடையாது, உள்ளே சுவரெல்லாம் கறுப்பு, தரையில் தண்டவாளம். கரும்புகளைத் தகர டின்களில் வளர்த்து, சக்கரம் வைத்த மூன்று வண்டிகளில் ஏற்றி வைத்திருந்தோம். பகலெல்லாம் வண்டி வெயிலில் நிற்கும். சாயங்காலம் வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கும்போதே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும், காலையில் வெளியே இழுக்க வேண்டும். நான்தான் தள்ளுகிறவன். எனக்கு எழுத்துத் தெரியாது என்று சார் ஒரு அட்டையில் நாளுக்கு ஒரு கடிகாரமாக வரைந்து கொடுத்தார். படத்தில் இருக்கிற முள்ளும் மேஜைக் கடிகாரத்து முள்ளும் ஒன்றாக வந்ததும் தள்ள வேண்டும். நாளாக நாளாகப் படத்தில் பெரிய முள் ஒரு மயிரிழை பின்னால் போகும்.

தள்ளினதோடு வேலை முடியாது. மொக்கச்சாமி என்று என்கூட வேலை பார்த்தவன், ராத்திரிக் காவலும் அவன்தான், வெளியே நின்று கதவைச் சாத்துவான். நான் மட்டும் உள்ளே நிற்பேன். கண் இருட்டுக்குப் பழகினதும் எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் வருகிறதா என்று சுவர், கூரை எல்லாம் பார்த்து, வந்தால் தார் தோய்த்த சாக்கை வைத்து அடைப்பேன். நடுராத்திரியில் ஒரு துளி வெளிச்சம் பட்டால்கூட கரும்பு எண்ணின கணக்கு அழிந்து, பூக்காமல் போய்விடும் என்று சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பீடி நெருப்புக்கூடக் கூடாது. எல்லாம் பார்த்து முடித்துக் கதவைத் தட்டினால் மொக்கை திறந்து என்னை வெளியே இழுத்துப் போட்டு மூடுவான். இருட்டு என்றால் அது என்ன மாதிரி இருட்டு என்கிறீர்கள். வெளியே காக்கை கத்தும், கால்வாயில் பிள்ளைகள் குதித்து விளையாடுகிற சத்தம் கேட்கும், உள்ளே நம் கை நமக்குத் தெரியாது.

இனி ராக்குவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் பண்ணையில்தான் வேலை பார்த்தாள், டின்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஊமைக்கு ஊற்றும்போது மட்டும் திட்டிக்கொண்டே ஊற்றுவாள். "குடிக்கிறது மட்டும் குடிச்சிரு, வாயத் தெறந்துறாத." அவளுக்கு மாலைக்கண். பொழுது நாகமலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. கல்யாணம் ஆன புதிதில் என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு, கதவு என்று நினைத்து மாட்டின் மேல் போய் முட்டினாள். பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வேலை முடிந்து கால்வாய்க் கரையில் வீட்டுக்கு நடக்கும்போது நான் தோளில் கிடக்கிற துண்டின் பின்நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு விடுவேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். ஊரில் கேலி பண்ணுவார்கள். "என்ன வீரணா, கன்னுக்குட்டியப் பிடிச்சுக்கிட்டு வாரியா?" என்பார்கள். அவள் சும்மா வர மாட்டாள், பள்ளம் இல்லாத இடத்திலும் சும்மா ஒரு இழுப்பு இழுப்பாள். "என்ன புள்ள?" என்றால், "இருக்கியான்னு பாத்தேன் மச்சான்" என்பாள். இருபத்திரண்டு வருஷம் அப்படி நடந்தோம்.

கொட்டகை கட்டின முதல் வருஷம் மற்ற கரும்புகள் பூத்தன, ஊமை பூக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் ராக்குவுக்குக் காய்ச்சல் கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். ஒன்பதாம் நாள், நல்ல உச்சி வெயில், ஜன்னல் வழியாக அவள் முகத்தில் வெயில் அடிக்கிறது, என் கையைத் தடவிப் பிடித்து, "இருட்டிருச்சே மச்சான், வெளக்கப் பொருத்தலையா?" என்றாள். "பொருத்தியிருக்கு புள்ள" என்று பொய் சொன்னேன். "எனக்குத் தெரியலையே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை.

மறு வருஷம் ஆனியில் மறுபடியும் வண்டி தள்ள ஆரம்பித்தோம். முதல் நாள். மொக்கை கதவைச் சாத்திவிட்டான். நான் கடைசி வண்டிக்குப் பக்கத்தில் நின்று கண் பழகட்டும் என்று காத்திருந்தேன். தோளில் துண்டு கிடக்கிறது. பின்னால் ஒரு இழுப்பு.

ஆணியில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். கையைப் பின்னால் விட்டுத் துழாவினேன், ஆணியும் இல்லை ஒன்றும் இல்லை, துண்டு சும்மாதான் தொங்குகிறது. கையை எடுத்தேன். மறுபடியும் ஒரு இழுப்பு, முரட்டுத்தனமாக இல்லை, இருக்கியா என்று கேட்கிற மாதிரி. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. வாய் தானாக, "இருக்கேன் புள்ள" என்றது. வெளியே வந்து வெயிலில் துண்டை எடுத்துப் பார்த்தால் பின்நுனியில் முடிச்சுப் போட்டிருக்கிறது. அவள் போனபிறகு நான் துண்டில் முடிச்சுப் போட்டதே கிடையாது. காலையில் நானே துவைத்துக் காயப்போட்ட துண்டு அது.

"என்ன மாப்ள, துண்டையே பாத்துக்கிட்டு நிக்குற?" என்றான் மொக்கை.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவள் வந்ததற்காக இல்லை. வந்தவளை அந்த இருட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கதவைத் தட்டி வெளியே வந்துவிட்டேனே என்றுதான். இருட்டினால் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறவள், விளக்குப் பொருத்தலையா என்று கேட்டுக்கொண்டே போனவள். மறுநாள் நான் செய்த காரியத்தை நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். ஒரு அகல் விளக்கையும் கொஞ்சம் எண்ணெயையும் மடியில் கட்டிக்கொண்டு போய், கதவு சாத்தினபிறகு கடைசி வண்டி டின்களுக்குப் பின்னால் வைத்துப் பொருத்திவிட்டு வந்தேன். வெளியே வெயில் அடிப்பதால் கதவு திறக்கும்போது அந்தச் சின்ன வெளிச்சம் மொக்கைக்குத் தெரியாது. எண்ணெய் நடுச்சாமம்வரை எரியும். காலையில் முதல் ஆளாகப் போய் எடுத்துவிடுவேன். ஒரு நாள் இல்லை, சாரின் அட்டை முடிகிறவரைக்கும் தினமும். நடுராத்திரியில் ஒரு துளி வெளிச்சம் பட்டாலும் பூக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த வருஷம் ஊமையும் பூக்கவில்லை, முந்தின வருஷம் பூத்த கரும்புகளும் பூக்கவில்லை. சார் கொட்டகைக்குள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கிறார், கூரையில் ஏறிப் பார்க்கிறார், அட்டையில் தான் வரைந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலிருந்து எப்படிக் கொண்டுவந்தாரோ அப்படியே திருப்பிக் கொண்டுபோவார். கடைசியில் மேலே இருந்து காகிதம் வந்தது, இன்னும் ஒரே ஒரு வருஷம், அதிலும் ஊமை பூக்கவில்லை என்றால் கொட்டகையை உர மூட்டை போட எடுத்துக்கொள்வார்கள், சாரை வேறு ஊருக்கு அனுப்புவார்கள், அந்தக் கரும்பையும் வேரோடு எறிந்துவிட வேண்டியது. ஆறு வருஷம் அதையே பிள்ளை மாதிரி வைத்திருந்தவர் அவர்.

ஒரு நாள் காலை அகல் விளக்கைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன்.

"என்ன வீரணா இது?"

"வெளக்குங்கய்யா."

"அது தெரியுது. எதுக்கு?"

"போன வருசம் பூக்காமப் போனதுக்கு இதுதான்யா காரணம். நாந்தான் உள்ள வச்சேன்."

அவர் விளக்கைக் கையில் எடுத்தார், முகர்ந்து பார்த்தார். "எத்தனை நாள்?"

"அம்புட்டு நாளும்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது, துண்டு, முடிச்சு எல்லாம். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பாஷையில் என்னவோ சொன்னார், வசவா அழுகையா தெரியவில்லை. அடிப்பார், இல்லாவிட்டால் வேலையை விட்டு நிறுத்துவார் என்று நின்றேன்.

"பின்னாலருந்தா இழுத்தாங்க?" என்றார், திரும்பாமலே.

"ஆமாங்கய்யா. அவ எப்பவும் பின்னாலதான் வருவா."

"எனக்கு வர்ற கோவத்துக்கு உன்னை இந்தக் கால்வாயிலயே தூக்கிப் போட்டுரலாம் வீரணா." பிறகு விளக்கை என் கையிலேயே கொடுத்தார். "இந்த வருஷமும் நீதான் வண்டி தள்ளணும். வேற ஆளைப் போட மாட்டேன். வெளக்கு வேணாம்னு நான் உனக்குச் சொல்லிட்டேன். அவங்களுக்கு நீதான் சொல்லணும்."

ஒரு படித்த ஆபீசர், அப்படிச் சொன்னார். என் மருமகள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது தாயி.

அந்தக் கடைசி வருஷம் முதல் நாள் உள்ளே நின்றேன். இழுப்பு வந்தது. "ராக்கு," என்றேன், "இந்த வருசம் வெளக்கு இல்ல புள்ள. ஊமை பூக்கணும். இல்லாட்டி சாரு போயிருவாரு, ஊமையத் தூக்கி எறிஞ்சிருவாக. நான் கூடக் கொஞ்ச நேரம் நிக்கிறேன். துண்டைப் பிடிச்சுக்க." துண்டின் கனம் மட்டும் இருந்தது, ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நின்றால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. தினமும் அப்படி நின்றேன். பண்ணையில் நடந்ததைச் சொல்லுவேன், யார் வீட்டில் விசேஷம் என்று சொல்லுவேன். பிறகு, "வாரேன் புள்ள" என்று கதவைத் தட்டுவேன்.

மொக்கை கேலிபண்ணுவான். "மாப்ள, உள்ள என்ன பொண்டாட்டியவா வச்சிருக்க, இம்புட்டு நேரம்?" அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நான் சிரித்துக்கொள்வேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் துண்டின் முன்நுனி இழுபட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முன்னால் நின்று இழுத்ததே கிடையாது. நெஞ்சோடு ஒரு இழுப்பு, கீழ்ப்பக்கமாக. ஒரு அடி வைத்தேன். மறுபடி இழுப்பு. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், அந்த இருட்டில், ஒரு டின்னில்கூட இடிக்காமல் கொண்டுபோய்விட்டாள். சுவர் வந்ததும் துண்டு தரையைப் பார்த்து இழுபட்டது, முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. கையை வைத்துப் பார்த்தால் சுவரடியில் பெருச்சாளி தோண்டின வளை, என் கை முழுக்க உள்ளே போனது, அந்தப் பக்கம் சாக்குத் தட்டுப்பட்டது.

வெளியே சுவரோரம் காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன, அதனால்தான் பகலில் வெளிச்சம் வரவில்லை. சாரிடம் சொன்னேன். இருட்டினபிறகு போய்ப் பார்ப்போம் என்றார். போனால், சாக்கு ஒன்றுகூட அங்கே இல்லை, மொக்கை எடுத்துப் பம்ப்செட் ரூம் வாசலில் விரித்துப் படுத்திருக்கிறான். ரூம் வாசலில் புதிதாக ஒரு குண்டு பல்பு. அதன் வெளிச்சம் நேராக வந்து அந்த வளைக்குள் விழுகிறது.

"எப்படா போட்ட இந்த பல்பை?" என்று சார் கத்தினார்.

"இன்னைக்குத்தான் சார். பாம்பு வருதுன்னு நீங்கதான சார் போடச் சொன்னீங்க?" என்றான் மொக்கை, எழுந்து உட்கார்ந்துகொண்டு.

"சாக்கை ஏண்டா எடுத்த?"

"வெறுந்தரையில படுத்தா எறும்பு கடிக்குது சார்."

சார் தானே மண்ணைக் குழைத்து வளையை அடைத்தார். அடைத்துவிட்டுக் கையைத் துடைக்காமலே, "நீ எப்படிப் பாத்த வீரணா?" என்றார்.

"நான் பாக்கலீங்கய்யா" என்றேன்.

அந்தியில் கண் தெரியாதவள், யோசித்துப் பாருங்கள், கண்ணுள்ள நாங்கள் யாரும் பார்க்காததை அவள் பார்த்தாள். அவளுக்கு இப்போது இருட்டில் தெரிகிறது என்று நினைத்தபோது, விளக்கில்லாமல் போனாளே என்று ஒன்றரை வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது.

அட்டையில் கடைசிக் கடிகாரம் வந்தது. இனி இருட்டு வேண்டாம், நாளையிலிருந்து வண்டி வெளியிலேயே நிற்கட்டும் என்று சார் சொல்லிவிட்டார். கடைசித் தடவையாக உள்ளே நின்றேன். "நாளையிலருந்து நான் உள்ள வர வேலையில்ல புள்ள" என்றேன். முன்நுனி இழுபட்டது. போனேன். வளை இருந்த பக்கம் இல்லை, வேறு பக்கம், மூலைச் சுவருக்கு. கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, வெறும் கறுப்புச் சுவர். நான் நின்றுவிட்டேன். இழுப்பு நிற்கவில்லை, வா வா என்கிற மாதிரி இருந்தது. சுவரில் என் நெற்றி படும் தூரம். "எங்க புள்ள?" என்றேன். அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. அவர்களை நினைத்தேன். தோளைச் சாய்த்தேன். துண்டு நழுவிப் போனது. தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கதவைத் தட்டினேன். மொக்கை திறந்தான். வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன், மூலையில் துண்டு இல்லை. மறுநாள் காலையில் வண்டி மூன்றையும் வெளியே இழுத்து, டின்களை இறக்கி, தண்டவாளத்துச் சந்தெல்லாம் பார்த்தோம். மொக்கையும் தேடினான், "என்ன மாப்ள, வெறுந்தோளோட வார, துண்டைக் கரும்புக்கு வேட்டியாக் கட்டிவிட்டுட்டியா" என்று சிரித்துக்கொண்டே தேடினான். கிடைக்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ஊமை பூத்தது. முதலில் உச்சியில் ஈட்டி மாதிரி கூர்மையாக ஒன்று வந்தது, நாலு நாளில் விரிந்து, வெள்ளிக் குதிரைவால் மாதிரி காற்றில் ஆடியது. சார் சட்டை எல்லாம் பூந்தூளோடு நின்று அவர் பாஷையில் பேசிக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. அதைப் பக்கத்துக் கரும்போடு சேர்த்து, துணி கட்டி, விதை எடுத்தார். அந்தப் பிள்ளைகளில் சிலது பிற்பாடு மேலூர்ப் பக்கமெல்லாம் நின்றது என்பார்கள். தண்ணீர் ஊற்றப் போன நான் ஊமையிடம், "பேச வச்சிட்டா பாத்தியா" என்றேன்.

சார் ஓய்வுபெற்றபிறகு கொட்டகையை இடித்தார்கள். நான் போய் நின்றேன். அந்த மூலைச் சுவர் விழுந்தது, அஸ்திவாரம்வரை தோண்டினார்கள். ஒரு நூல்கூட இல்லை.

இப்போது வில்லாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். கரண்டு போனால் மருமகள் மெழுகுவர்த்தி தேடுவாள், நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு இருட்டில் பயம் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் மனதை அரிக்கிறது. துண்டுக்கு இரண்டு நுனி. ஒன்று அவள் கையில் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் விட்ட நுனி இத்தனை வருஷமாக அவள் பின்னால் தரையில் இழுபடுகிறதா, இல்லை அதைப் பிடித்துக்கொண்டு வேறு யாராவது வருகிறார்களா? அவளும் நடுவில் ஒரு இழுப்பு இழுத்து, இருக்கியா என்று பார்ப்பாளே.